மணியாச்சி வரை, ஒரு பழைய கணக்கைத் தேடி

வெளிநாடு போய் வந்தவர்கள்தான் பயணம் எழுதுவார்கள். நான் வெளிநாடு போகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டி, நாகலாபுரம், மணியாச்சி என்று நாலு நாள் சுற்றினேன். வந்தவருக்கு அது வெளிநாட்டுப் பயணம். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கும் நம் ஊர் பாதி வெளிநாடு ஆகிவிட்டது.

வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் கோமதி ஜெர்மனியில் இருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் பட்டத்துக்காக ஒரு கணக்குப் போட்டாள். கரிசக்காட்டில் மழைக்கு முந்தியே புழுதியில் விதைத்துவிடுகிறோமே, அது நல்லதா, மழை விழுந்த பிறகு விதைப்பது நல்லதா என்பதுதான் அந்தக் கணக்கு. அதற்கு மழை அளவு வேண்டும். அவள் விவசாயக் காலேஜில் படித்தபோதே எங்கள் காட்டு ஓரத்தில் ஒரு மழைமானியை நட்டு, தினமும் காலையில் பார்த்து எழுதும்மா என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். எழுதினேன். ஏழு வருஷம், ஏழு நோட்டு.

புழுதியில் விதைப்பதுதான் நல்லது என்று அவளுடைய கம்ப்யூட்டர் சொன்னது. எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வெளிநாட்டில் ஆச்சரியப்பட்டு அவளுக்கு வேலை கொடுத்தார்கள்.

இந்த வருஷம் ஆப்பிரிக்காவில் ஒரு கரிசல் சீமையில் அந்தக் கணக்கை நம்பி விதைக்கச் சொல்லலாமா என்று சிலர் யோசித்தார்கள். நம்புவதற்கு முன்னால் என் நோட்டில் இருக்கும் அதே மழையை வைத்து அதே கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். போட்டார்கள். ஏழில் மூன்று வருஷத்துக்கு விடை தலைகீழாக வந்தது. புழுதியில் போட்ட விதை முளைத்துக் கருகிவிடும் என்று வந்தது. மாதக் கடைசிக்குள் பழைய விடை எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் வாங்கினால் அதன் பிறகு கோமதி என்ன சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

கணக்குப் போட்டவளே வந்து சரிபார்க்கக் கூடாதாம். அதனால் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஹான்னா என்பவரை அனுப்பினார்கள். நாலு நாளும் நானும் கோமதியும் கணக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றும் கட்டளை. அவள் தினமும் கூப்பிட்டு, "எம்மா, என்ன கொழம்பு?" என்று கேட்டு வைத்துவிடுவாள். அவள் குரல் நடுங்கியது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் நின்றபோது நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். வெயிலுக்காக. ஹான்னாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த கிராப்பு, என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். என்னை எப்படியோ கண்டுபிடித்துக் கும்பிட்டார். எனக்குப் பேச்சு வராததால் அவருடைய பையைப் பிடித்து இழுத்தேன். அவர் கொடுக்காமல் இழுத்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

அவருடைய போனுக்குள் ஒரு பெண் இருந்தாள். அவர் இங்கிலீஷில் சொன்னால் அவள் தமிழில் சொல்வாள். "தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏதும் மீட்டிங்குக்கு வந்திருக்காவளா?" என்று கேட்டார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் கடலைமிட்டாய்க் கடைக்குக் கூட்டிப் போனேன். ஒரு துண்டை வாயில் போட்டதும் ஹான்னா கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் விசாரணை ஆரம்பமானது. போன வருஷம் செய்ததும் இதே ருசிதானா என்றாள் போன் பெண்.

"இதே ருசிதான் மேடம்" என்றார் கடைக்காரர்.

பாகு எப்போது போதும் என்று எப்படித் தெரியும், அதை எழுதி வைத்திருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி.

"அது கைக்குத் தெரியும்லா. கைய எங்கன போயி எழுத?" என்றவர் என்னிடம் குனிந்து, "எம்மா, இவிய சாப்பாட்டு ஆபீசரா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். ஹான்னா தன் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். கடலைமிட்டாயைத் தள்ளுபடி செய்துவிட்டார் என்று தோன்றியது. ஆனால் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டார்.

நாகலாபுரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டார். "மேடம், எடுக்கும்போது சொல்லுதேன், ஏறிக்கோங்க" என்றார் அவர். ஜெர்மனியில் பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் ஆட்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்களாம். இங்கே கடிகாரம் பார்ப்பவரை ஆட்கள் பார்த்தார்கள். வழியெல்லாம் ஹான்னா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். ஆவணி மாதம். காடு முழுக்க உழுது போட்டுக் கறுப்பாகக் கிடந்தது, ஒரு பச்சை இல்லை. இங்கே என்ன விளையும் என்று கேட்டார். உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் என்றேன். மறுபடி வெளியே பார்த்தார். மரியாதைக்காக நம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். கருவாட்டை முதலில் சந்தேகமாகப் பார்த்தவர் இரண்டாம் தடவை குழம்பைத் தானே ஊற்றிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு தகரப்பெட்டியிலிருந்து என் ஏழு நோட்டையும் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மறுபடி கணக்குப் போட்டவர்களுக்காகக் கோவில்பட்டி ஜெராக்ஸ் கடையில் நான் எடுத்து அனுப்பிய படங்கள் அவரிடம் இருந்தன. "படங்கள் மிகவும் தெளிவாக உள்ளன" என்றாள் போன் பெண். நான் பெட்டியை மூடிவிட்டேன்.

தன் வேலையை எனக்குப் புரியும்படி சொன்னார். கோமதியின் பழைய புரோகிராம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் புரோகிராம் இந்தக் காலத்து மிஷினில் ஓடாது. அதனால் அதையும், அதற்கு வேண்டிய அந்தக் காலத்துச் சாமான் அத்தனையையும் சேர்த்து, தன் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஜாடி மாதிரி மூடி வைத்திருக்கிறார். ஊறுகாய் போட்டதுபோல என்று நினைத்துக்கொண்டேன். ஜாடிக்குள் அது நன்றாக ஓடுகிறது. அப்படியென்றால் பழுது புரோகிராமில் இல்லை, உள்ளே போட்ட மழையில்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு என் நோட்டு மழையைக் கம்ப்யூட்டரில் அடித்து வைத்த முதல் பைல் கோமதியின் சிடியில் இருந்தது, சிடி இப்போது திறக்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டரை அவள் வெளிநாடு போகும்போது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

இரண்டாம் நாள் அங்கே போனோம். மேனேஜர் அண்ணாச்சி எங்களை வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். உள்ளே தீக்குச்சி மருந்து வாசனையும் அட்டை வாசனையும். ஓரத்தில் பூப்போட்ட துணி மூடி ஒரு கம்ப்யூட்டர். துணியை எடுத்தால் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்ததை யாரும் துடைக்காததால் பொட்டின் மேல் பொட்டாக ஒரு விரல் கனம் இருந்தது.

ஹான்னா அந்தப் பெட்டியின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். இது அதேதானா என்று கேட்கச் சொன்னார்.

"அதேதான் மேடம். கோமதி குடுத்தது. ராசியான மிஷினு" என்றார் அண்ணாச்சி. "என்ன, உள்ள இருக்கதெல்லாம் மாத்தியாச்சு. போர்டு போச்சு, மாத்துனோம். டிஸ்க்கு போச்சு, மாத்துனோம். டிவி மாதிரி இருக்கும்லா, அது வெடிச்சுட்டு, மாத்துனோம்."

பழையது எதுதான் இருக்கிறது என்றாள் போன் பெண்.

அண்ணாச்சி யோசித்தார். "டப்பா" என்றார்.

பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டதற்கு அவர் முகம் பெருமையில் மலர்ந்தது. "அதுல ஒரு எழுத்து மிச்சமில்லாம சுத்தமா அழிச்சுட்டுத்தான் பழைய இரும்புக்குப் போட்டோம். நம்ம புள்ள எழுதுனது, நாலு பேரு கையில சிக்கக் கூடாதுல்லா?"

ஹான்னா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிக்குப் பயம் வந்துவிட்டது. "ஏம்மா, அவியளுக்கு மயக்கம் கியக்கமா?" என்று டீ சொல்லி, டேபிள் பேனைத் தூக்கி வந்து அவருக்கு நேராக வைத்தார். டீ குடித்துக்கொண்டே, "எதுக்கு இவ்ளோ வருத்தப்படுதாவ? கோமதி இதுல மழைய அடிக்கவே இல்லயே. கனகால்லா அடிச்சா, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர்ல" என்றார்.

போன் பெண் இதை ஹான்னாவுக்குச் சொன்னாள். ஹான்னா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். உங்களுக்குத் தெரியுமா?

தெரியும் என்று தலையாட்டினேன்.

ஏன் சொல்லவில்லை?

"கேக்கலியே" என்றேன்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். கம்ப்யூட்டர் வேண்டும் என்றார், கம்ப்யூட்டரைக் காட்டினேன். யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஒரு வெள்ளைக்காரம்மாவிடம் நானாகப் போய்ப் பதில் சொல்வதா? ஆனால் அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில், சொல்லியிருக்கலாம் என்பது தெரிந்தது.

கனகா எங்கள் ஊர்ப் பிள்ளை. மணியாச்சியில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. அவள் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறாள்.

மூன்றாம் நாள் மணியாச்சிக்கு ரயில் ஏறினோம். ஹான்னா போனைப் பார்த்து ஒரு எக்ஸ்பிரஸைக் காட்டினார். அது மணியாச்சியில் நிற்காது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கலாம் என்று நினைத்தேன். அவர் அவ்வளவு உறுதியாகக் காட்டியதால் பேசாமல் ஏறிவிட்டேன். எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா, "எங்கன போறீங்க?" என்றாள். மணியாச்சி என்றேன். "இது நிக்காதே!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே எழுந்து உட்கார்ந்தது. ஆளாளுக்கு ஹான்னாவுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் சங்கிலியை இழுக்கச் சொன்னார். அவருடைய மனைவி அவர் கையில் ஒரு அடி போட்டாள். மணியாச்சி ஸ்டேஷன் ஜன்னல் வழியாக வந்தது, போனது. ஹான்னா அதற்குக் கையசைத்தார்.

திருநெல்வேலியில் இறங்கித் திரும்பி வரும் பாசஞ்சருக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இட்லியும் வடையும் வாங்கினோம். ஹான்னா வடையைப் பிய்த்துக்கொண்டே போனை நீட்டினார். "இந்த ரயில் நிற்காது என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

என் வடையைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன். "தெரியும்."

அவர் கோபப்படவில்லை. தன் நோட்டை எடுத்து ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு சொன்னார்: இனிமேல் நான் கேட்காததையும் சொல்லுங்கள். அதுதான் எனக்கு வேண்டும். அவர்கள் வேலையில் பாதி இதுதானாம். கணக்குப் போட்டவருக்குத் தெரியும், சொல்லத் தோன்றாது. கேட்பவருக்குக் கேட்கத் தெரியாது. கணக்குப் போட்டவர் போய்ச் சேர்ந்த பிறகு யாராலும் அதைத் திரும்பப் போட முடியாது.

கனகா வாசலில் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஊசியோடு ஓடி வந்தாள். "ஏ அத்த! யாரு இது? கோமதி மாமியாவா?"

"வாய மூடுட்டி. கணக்குப் பாக்க வந்திருக்காவ."

பாய் விரித்து உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். அடித்த பைல் ஏதாவது இருக்கிறதா என்று ஹான்னா கேட்டார். அந்த பிரவுசிங் சென்டரே இப்போது இல்லை, அங்கே புரோட்டாக் கடை இருக்கிறது என்றாள் கனகா. ஹான்னா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, கடைசி முயற்சி என்பதுபோல, நோட்டைப் பார்த்து அப்படியே அடித்தீர்களா என்று கேட்டார்.

"நான் எங்கன நோட்டப் பாத்தேன்? அத்த வாசிப்பா, நான் அடிப்பேன். ஏழு நோட்டு, மூணு நாளு. அத்த எழுத்து அத்தைக்குத்தான் புரியும்."

எல்லாவற்றையும் வாசித்தாரா?

"எல்லாத்தையும்தான்." கனகா நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "நடுவுல ஒண்ணு ரெண்டு தாண்டிப் போவா. 'இது வேண்டாம்ட்டி, இது மண்ணு குடிச்சது'ம்பா. அதெல்லாம் அடிக்கல."

போன் பெண் இதைச் சொல்லி முடித்ததும் ஹான்னா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். அப்போதுதான் நான் செய்தது எனக்கே விளங்கியது.

கேட்காததையும் சொல்ல வேண்டும் என்று காலையில்தானே ஹான்னா சொல்லியிருந்தார். சொன்னேன். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். முதலில் விழும் மழை எல்லாம் அந்த வெடிப்புக்குள் போய்விடும். மேலே உழுதிருந்தாலும் அடியில் வாய் திறந்தேதான் இருக்கும். மழைமானியில் தண்ணீர் நிற்கும், அதை நோட்டில் எழுதுவேன். ஆனால் விதை கண் திறக்காது. அது விதைக்கு மழை இல்லை. எங்கள் ஊரில் அதை யாரும் மழை என்று சொல்லமாட்டார்கள். மழை பெய்த மறுநாள் காலையில் வரப்போரத்து வெடிப்பில் கையை விட்டுப் பார்ப்பேன். வளையல் வரைக்கும் போனால் மண் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரல்தான் போகிறது என்றால் மூடிவிட்டது. விதைப்புக் கணக்குக்குத்தானே கேட்கிறாள் என்று, மண் குடித்ததைக் கனகாவிடம் வாசிக்காமல் விட்டேன். கோமதிக்கு அது தெரியாது. நோட்டில் உள்ளது அப்படியே பைலில் இருக்கிறது என்று நினைத்து, பெய்த மழை முழுவதும் இதுதான் என்று கட்டுரையில் எழுதிவிட்டாள்.

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வருஷமாக என் பிள்ளை ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அது பொய் என்று அவளுக்கே தெரியாது, சொல்ல வைத்தவள் நான்.

"ஏன் அத்த அழுவுதீங்க? மழைய ஒங்கள விடவா வேற ஆளுக்குத் தெரியும்?" என்றாள் கனகா.

ஹான்னா அழவிடவில்லை. எந்தெந்த மழை மண் குடித்தது என்று இப்போது எப்படித் தெரியும், ஞாபகமா என்று கேட்டார்.

"ஞாபகம் எங்கன? நோட்டுலயே இருக்கும். மண்ணு குடிச்ச அன்னைக்கு மட்டும், வெடிப்புல விட்ட கை மண்ணா இருக்கும்லா, அந்த விரல அப்படியே அந்த வரிக்குப் பக்கத்துல வச்சிருவேன்."

ஹான்னா அவசரமாகத் தன் கம்ப்யூட்டரைத் திறந்து படங்களை எடுத்தார். ஒவ்வொரு பக்கமும் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு விரல் இல்லை. எனக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. "நோட்டெல்லாம் ஒரே அழுக்கு. நான் கம்ப்யூட்டர்ல அழுக்க எடுத்துப் பளிச்சுன்னு ஆக்கிருக்கேன், காசு கூடக் கேக்க மாட்டேன்" என்று அன்போடு சொன்னார்.

இதைச் சொன்னதும் ஹான்னா சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். முதல் நாள் நான் நீட்டிய நோட்டை வேண்டாம் என்றது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. கனகாதான் விவரம் தெரிந்ததும், "படிச்சவியளுக்கு அழுக்கு ஆகாதுல்லா" என்றாள். போன் பெண்ணை நான் அந்த நேரத்தில் கையால் மூடிவிட்டேன்.

நாலாம் நாள் கனகாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம். நோட்டை நான் வாசிக்கிறேன் என்றேன். கூடாது என்றார் ஹான்னா. என்ன விடை வர வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் கனகாதான் வாசிக்க வேண்டும். அதுவும் நான் எழுதிக் கொடுக்கும் விதியைப் பார்த்து. நான் பக்கத்தில் இல்லாமல், இன்னும் ஐம்பது வருஷம் கழித்து என்னையும் கரிசலையும் பார்த்தே இராத ஒருவர் வாசித்தாலும் அதே மழைதான் வர வேண்டும்.

"அம்பது வருசங் கழிச்சு இத எவன் எடுத்துப் பாக்கப் போறான்?" என்றேன்.

"பாத்தாலும் பாப்பான். அப்பம் நீங்க இருந்து பதில் சொல்லுவீங்களா?" என்றாள் கனகா.

'மண் குடித்த மழையை விட்டுவிடவும்' என்று எழுதினேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. எது மண் குடித்தது என்று எப்படித் தெரியும் என்றார் ஹான்னா. 'விரல் இருந்தால் விட்டுவிடவும்' என்று திருத்தி எழுதினேன். "எந்தப் பக்கம் இருந்தா? பாதி விரல் இருந்தா? ரெண்டு வரிக்கு நடுவுல இருந்தா?" என்று கனகா ஆரம்பித்தாள். தையல்காரி, அளவில் பிசகமாட்டாள். கடைசியில் ஒரு பக்கம் முழுக்க நிறைந்தது. புதிதாக ஒருவர் வெடிப்பில் கை விட்டுப் பார்ப்பதானால் எப்படி என்பதையும் எழுதச் சொன்னார். 'வளையல் வரை' என்று எழுதினேன். யாருடைய கை என்று கேட்டு, கனகாவிடம் டேப் வாங்கி, என் விரல் நுனியிலிருந்து வளையல் வரை நீளம், கையின் சுற்றளவு என்று எல்லாவற்றையும் அளந்தார்.

"கல்யாணத்துக்குக்கூட ஒங்களுக்கு இம்புட்டு அளவு எடுத்திருக்க மாட்டாவ" என்றாள் கனகா.

பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் பேசவேமாட்டேன், ஒரு ஓரமாக இருக்கிறேன் என்றேன். "ஒங்க மூஞ்சி பேசும் அத்த. நீங்க போங்க" என்றாள் கனகா. என் வீட்டிலிருந்தே என்னைத் துரத்திவிட்டாள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். காட்டிய ஆட்டுக்கே மறுபடி காட்டினேன். உள்ளே அவள் குரல் கேட்டது, எண்கள் மட்டும் கேட்கவில்லை. என் எழுத்தை வாசிக்கத் திணறினாள். ஓடிப்போய்ச் சொல்லலாம் போல இருந்தது. என் வாழ்நாளில் பேச வேண்டும் என்று அவ்வளவு ஆசை வந்ததில்லை.

பொழுது சாயும் முன்னே ஒரு தடவை கூப்பிட்டார்கள். அஞ்சாம் நோட்டில், புரட்டாசியில் பெய்த ஒரு நல்ல மழை. அந்த வரியின் பக்கத்தில் ஒரு கறை. விரலா, இல்லை தாளில் வேறு ஏதாவது பட்டதா என்று விதியை வைத்து அவர்களால் சொல்ல முடியவில்லை. பார்த்தேன். மங்கலாக இருந்தது. காப்பிச் சொட்டாகவும் இருக்கலாம்.

ஹான்னாவின் முகத்தைப் பார்த்தேன். சுவர் மாதிரி வைத்திருந்தார். ஆனால் அந்த மழை எவ்வளவு என்றும் அடுத்த வரியின் தேதியையும் பார்த்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அது மழையாகக் கணக்கில் சேர்ந்தால் விதை முளைத்துவிடும், அதன் பிறகு இருபது நாள் மழை இல்லை, கருகிவிடும். அது விரல் என்று சொன்னால் என் பிள்ளைக்குப் பழைய விடை வரும். 'விரல்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் விரல், என் நோட்டு. என்னை மறுத்துப் பேச உலகத்தில் ஆள் கிடையாது.

"தெரியலை" என்றேன்.

கனகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாப் பாருங்க அத்த."

"பாத்துட்டேம்ட்டி. தெரியலை."

வெளியே வந்து ஆடுகளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பிள்ளையை நானே கிணற்றில் தள்ளிவிட்டதுபோல இருந்தது.

சற்று நேரத்தில் ஹான்னா வந்து எனக்கு எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போனைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தாராம். மாறி வந்த மூன்று வருஷத்தில் இரண்டு, பழைய விடையோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, அது விரல் என்றால் வருகிறது, விரல் இல்லையென்றால் வரவில்லை. 'அறிய இயலவில்லை' என்று எழுதப்போவதாகச் சொன்னார். அந்த ஒரு வருஷத்தைத் தள்ளிவிட்டாலும் மீதி ஆறு வருஷம் புழுதி விதைப்பைத்தான் நல்லது என்கிறது. கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கோமதி ஒரு திருத்தம் போட வேண்டும். இதில் இருப்பது பெய்த மழை முழுவதும் இல்லை, மண் குடித்ததுபோக மீதி என்று எல்லோருக்கும் தெரிய ஒத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்காவில் விதைக்கிறவர்களும் முதலில் வெடிப்பில் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் பழைய கட்டுரையை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் விதை போயிருக்கும் என்றார்.

மறுநாள் காலை கோவில்பட்டி ஸ்டேஷனில் ஹான்னாவின் ரயிலுக்குக் காத்திருந்தபோது கோமதி கூப்பிட்டாள். ஹான்னா எழுதியது அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"எம்மா, அந்த அஞ்சாம் நோட்டுல, விரல்னு சொல்லிருந்தா முழுசா வந்திருக்கும்லா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"ஞாபகம் இல்லாதத எப்படிச் சொல்லுவேன்?"

 அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கோபமா என்று கேட்டேன். "மண்ணு குடிச்சத நீ விட்டேன்னு தெரியாமயே டாக்டர்னு போட்டுக்கிட்டுத் திரியுதேன். கோவம் யாரு மேல படணும், அதான் யோசிக்கேன்" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "நீ எழுதிக்குடுத்த விதிய அப்படியே திருத்தத்துல போடச் சொல்லிருக்காவ. போட்டா ஒம்பேரும் வரும். என் பேருக்குப் பக்கத்துல."

"ஐயோ, எம்பேரு எதுக்குட்டி? கனகா பேரப் போடு."

"அவ பேரும் வருது."

ரயில் வந்துவிட்டது. ஹான்னா பையைத் தூக்கினார். இந்தத் தடவை நான் இழுக்கவில்லை. அவர் படியில் ஏறி நின்று குனிந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். போனில் கோமதி இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி, போடு. ஆனா சின்ன எழுத்துல போடு" என்றேன்.

ஹான்னா என்ன சொன்னேன் என்று கேட்டார். போன் பெண் சொன்னாள். ஹான்னா தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ சொன்னார், அதையும் அவள் தமிழில் திருப்பினாள்: அங்கே எல்லோருடைய பெயரும் ஒரே அளவில்தான் அச்சிடப்படும். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன், ரயில் நகர்ந்துவிட்டது.